வாக்குச்சீட்டின் கீழ்ப்பாதி

2024 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் வட கரோலினாவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மாதிரி வாக்குச்சீட்டை அச்செடுத்து விரித்து வைத்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து அப்பா வீடியோ அழைப்பில் இருந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ தேர்தல்களுக்கு வாக்குச்சாவடிப் பணிக்குப் போனவர். பெட்டியோடு லாரியில் போன காலமும் உண்டு, இயந்திரத்தோடு போன காலமும் உண்டு. அதனால் அந்தத் தாளைப் பார்ப்பதில் என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம்.

"போனைக் கொஞ்சம் கீழ இறக்கும்மா, எழுத்து தெரியல" என்றார். இறக்கினேன். ஜனாதிபதி, நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர், நம் ஊர் முதல்வரைப் போன்ற கவர்னர் வரைக்கும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குக் கீழே துணை கவர்னர், அட்டர்னி ஜெனரல், ஆடிட்டர், வேளாண்மை கமிஷனர், இன்சூரன்ஸ் கமிஷனர், தொழிலாளர் கமிஷனர், செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், பள்ளிக்கல்விக் கண்காணிப்பாளர், கருவூலத் தலைவர் என்று நான் ஒவ்வொன்றாக மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல, அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, கணக்குப் பார்க்கிறவர், வக்கீல், விவசாயம், பள்ளிக்கூடம்னு எல்லாரையும் நீங்களே ஓட்டுப் போட்டு வைக்கிறீங்க. அப்போ கவர்னருக்கு என்னதான் வேலை?"

என்னிடம் சட்டென்று பதில் இல்லை. நான் வட கரோலினாவுக்கு வந்து அப்போது பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. 2023இல்தான் குடியுரிமை கிடைத்தது. இந்தப் பத்துப் பதவிகளுக்கும் நான் ஓட்டுப் போடப்போவது அதுதான் முதல் தடவை. ஜனாதிபதி யார், கவர்னர் யார் என்று முடிவு செய்ய எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. மற்றவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரத்தையும், அதற்கு அடுத்து வந்த எட்டு மாதங்களையும் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவின் குழப்பம் நியாயமானது. நம் ஊரில் சட்டமன்ற உறுப்பினரைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம். மற்றதெல்லாம் அங்கிருந்து தானாக நடக்கும். முதல்வர் அமைச்சர்களைப் பொறுக்குவார். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரலை அரசியலமைப்பின் 165ஆவது பிரிவின்படி ஆளுநர் நியமிப்பார், ஆனால் பெயரைச் சொல்வது அரசுதான். ஆட்சி மாறினால் அவரும் பெட்டியைக் கட்டிவிடுவார். வட கரோலினாவில் அப்படி இல்லை. 1868ஆம் வருடத்து மாநில அரசியலமைப்பிலிருந்தே இந்தப் பதவிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆட்களை மக்கள் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பதவி நீக்க முடியாது. கவர்னர் ஒரு கட்சி, அவருடைய வக்கீல் இன்னொரு கட்சி என்றுகூட அமையலாம். இந்தப் பத்துப் பேரையும் சேர்த்து 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்' என்பார்கள். கவர்னரிடம் அதிகாரம் சேர்ந்துவிடக் கூடாது என்பதில் இந்த மாநிலத்துக்கு நாட்டின் ஆரம்ப நாளிலிருந்தே ஒரு பிடிவாதம். சட்டமன்றம் அனுப்பும் மசோதாவை மறுக்கும் உரிமையே 1996இல்தான் இங்கே கவர்னருக்குக் கிடைத்தது. ஐம்பது மாநிலங்களில் கடைசி இதுதான்.

சரி, இந்தப் பத்துப் பேரும் நம் வாழ்க்கையில் எங்கே வருகிறார்கள்? தேடிப்பார்த்தபோது, இவர்கள் எல்லோரையும் எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று புரிந்தது. பெயர்தான் தெரியாமல் இருந்தது.

2005இல் வந்து இறங்கிய முதல் வாரத்தில், என் கணவரின் அலுவலகத்தைப் பார்க்கப் போயிருந்தேன். லிஃப்டுக்குள் ஒரு பெண்மணியின் சிரித்த முகப் படம். மறுநாள் மருத்துவமனை லிஃப்டிலும் அதே முகம். அப்புறம் நூலகத்தில். நம் ஊரில் அரசு அலுவலகம் எங்கும் முதல்வர் படத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இவர் இந்த ஊர் முதல்வர் போலிருக்கிறது என்றுதான் தோன்றியது. அவர் தொழிலாளர் கமிஷனர் செரி பெர்ரி. இங்கே லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் ஒட்டுவது தொழிலாளர் துறை. அந்தச் சான்றிதழில் தன் படத்தையும் போட்டுவிட்டார். 2001லிருந்து 2021 வரை பதவியில் இருந்தார். அவரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களுக்குக்கூட 'லிஃப்ட் லேடி' என்றால் தெரியும். அவருக்குப் பின் வந்தவர் படம் போடவில்லை. 2024 தேர்தலில் நின்ற லூக் ஃபார்லி படத்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்பதையே பிரசாரத்தில் ஒரு வாக்குறுதியாகச் சொன்னார்.

பெட்ரோல் பங்கில் பம்பின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அளவு சரியாக இருக்கிறது என்று சோதித்து அதை ஒட்டுவது வேளாண்மைத் துறை. ஒவ்வொரு அக்டோபரிலும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகும் தலைநகர் ராலேயில் நடக்கும் மாநிலப் பொருட்காட்சியும் அவர்கள் பொறுப்பு. கமிஷனர் ஸ்டீவ் ட்ராக்ஸ்லர் 2005லிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். புகையிலை விவசாயி. எங்கள் தமிழ்ப் பள்ளியை லாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்தோமே, அந்தக் காகிதத்தில் இருந்த பெயர் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் எலெய்ன் மார்ஷல். 1996இல் இவர் முதன்முதலாக ஜெயித்தபோது எதிரே நின்றவர் ரிச்சர்ட் பெட்டி. கார் பந்தயத்தில் இந்த ஊர் மக்கள் 'கிங்' என்று கொண்டாடும் மனிதர். அவரைத் தோற்கடித்துத்தான் மாநில அளவில் நிர்வாகப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணாக எலெய்ன் மார்ஷல் வந்தார்.

இன்சூரன்ஸ் கமிஷனர் கதை இன்னும் சுவாரசியம். 2024 ஜனவரியில் வீட்டுக் காப்பீட்டுக் கட்டணத்தைச் சராசரியாக 42.2 சதவீதம் உயர்த்த வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் சார்பில் விண்ணப்பம் போனது. கடற்கரைப் பகுதிகளில் சில இடங்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதை ஏற்பதா மறுப்பதா என்பது கமிஷனர் மைக் காஸியின் கையில். அவர் மறுத்தார். பிறகு 2025 ஜனவரியில் இரண்டு வருடங்களுக்கு வருடம் 7.5 சதவீதம் என்று சமரசம் ஆனது. எங்கள் வீட்டு பில்லில் அந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்தேன். இதே காஸியிடம்தான் சில வருடம் முன்பு ஒரு காப்பீட்டுத் தொழிலதிபர், தன் நிறுவனத்தைச் சோதிக்கும் அதிகாரியை மாற்றினால் தேர்தல் நிதி தருவதாகப் பேசினார். காஸி எஃப்பிஐயிடம் போய்ச் சொல்லி, ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டைக்குள் மாட்டிக்கொண்டு அந்தப் பேச்சைப் பதிவு செய்தார். நான் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவள். காஸி குடியரசுக் கட்சி. அவருக்குத்தான் போட்டேன். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கட்சியின் பெயருக்கு நேரே ஒரே வட்டத்தை நிரப்பி எல்லாப் பதவிக்கும் ஓட்டுப் போடும் வசதி இங்கே ஒரு காலத்தில் இருந்தது. 2013இல் சட்டம் போட்டு அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு வட்டத்தையும் நாமே பேனாவால் நிரப்ப வேண்டும். நிரப்பாமலும் விடலாம். அந்த விடுபடுதல் என்ன செய்யும் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது அட்டர்னி ஜெனரல். பத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றிய பதவி அது. அதற்குக் காரணம் 2016இல் நடந்த ஒரு சின்ன விஷயம்.

அந்த வருடம் வாடகைக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுச் சொந்த வீட்டுக்குப் போனோம். முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. கார்ப்பெட் பழுது, சுவர் பூச்சு என்று கேட்கும்போதெல்லாம் வாய்வார்த்தையாகப் புதுக் காரணம் சொன்னார்கள். எழுத்தில் ஒரு கணக்கும் வரவில்லை. வீடு காலி செய்த 30 நாளுக்குள் எதற்கு எவ்வளவு பிடித்தம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். எனக்கு அது தெரியாது. வக்கீல் வைக்கும் அளவுக்குப் பெரிய தொகையும் இல்லை, விட்டுவிடும் அளவுக்குச் சின்னத் தொகையும் இல்லை. உடன் வேலை பார்த்த ஒரு பெண் சொன்னாள்: "அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்கு எழுது." எனக்கு நம்பிக்கை இல்லை. குடியுரிமை இல்லாதவள், ஓட்டு இல்லாதவள், நம் புகாரை யார் படிக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு பக்கப் படிவம். நிரப்பி அனுப்பினேன். சில வாரத்தில் பதில் வந்தது. உங்கள் புகாரை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறோம் என்று ஒரு கடிதம். அதற்கடுத்த வாரமே காசோலை வந்துவிட்டது. கடிதத்தின் தலைப்பில் அட்டர்னி ஜெனரல் என்று அச்சடித்திருந்த பெயர் ராய் கூப்பர். அந்தப் பெயரை அன்று கவனித்தேன்.

அட்டர்னி ஜெனரல் என்றால் குற்றவாளிகளைச் சிறைக்கு அனுப்புகிறவர் என்றே பலர் நினைக்கிறார்கள். தேர்தல் விளம்பரங்களும் அப்படித்தான் காட்டும். உண்மையில் அன்றாடக் கொலை, கொள்ளை வழக்குகளை நடத்துவது அந்தந்த மாவட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வழக்கறிஞர்கள். அட்டர்னி ஜெனரலின் வேலை வேறு. மாநில அரசு மீது வழக்கு வந்தால் வாதாடுவது, நுகர்வோர் ஏமாற்றப்பட்டால் கேட்பது, அவசரநிலை அறிவித்த நேரத்தில் விலையை ஏற்றிக் கொள்ளையடிப்பவர்களை இழுப்பது, குற்ற வழக்குகளின் மேல்முறையீடுகள். ஹெலீன் புயல் செப்டம்பர் 27ஆம் தேதி மாநிலத்தின் மேற்கு மலைப்பகுதியைப் புரட்டிப்போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை, நாங்கள் ஓட்டுப் போடப் போனபோது. விழுந்த மரத்தை அகற்ற நியாயமில்லாத தொகை கேட்பவர்களைப் பற்றி எங்கே புகார் செய்வது என்றால் இந்த அலுவலகத்தில்தான்.

அப்புறம் பெரிய வழக்குகள். 1994இல் மிசிசிப்பியின் அட்டர்னி ஜெனரல் மைக் மூர், சிகரெட் பிடித்து நோயாளியானவர்களுக்கு மாநிலம் செய்யும் மருத்துவச் செலவைச் சிகரெட் நிறுவனங்கள் கொடுக்க வேண்டும் என்று வழக்குப் போட்டார். நடக்காத காரியம் என்றார்கள். நான்கே வருடத்தில் 46 மாநிலங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மதிப்பு, 25 வருடத்துக்கு 20,600 கோடி டாலர். புகையிலையை நம்பி வாழ்ந்த வட கரோலினாவும் அந்த 46இல் ஒன்று. ஜோஷ் ஸ்டைன் இங்கே அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது, 2021 ஜூனில், பள்ளிப் பிள்ளைகளிடம் மின்சிகரெட்டைப் பரப்பியதாக ஜூல் நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில் 4 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. அந்த நிறுவனத்தோடு முதலில் முடித்துக்கொண்ட மாநிலம் இதுதான். அதே வருடம் வலி மாத்திரைப் போதை வழக்கில் ஜான்சன் அண்ட் ஜான்சனும் மூன்று மருந்து விநியோக நிறுவனங்களும் நாடு முழுக்க 2,600 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. பேச்சுவார்த்தையில் முன்னால் நின்றவர்களில் ஸ்டைன் ஒருவர். என் மகளின் பள்ளிக் கழிப்பறையில் அந்த மின்சிகரெட்டின் வாசம் எப்போதும் இருக்கும் என்று அவள் சொன்ன வருடங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

2024 ஆகஸ்டில் இன்னொன்று. குடியிருப்பு நிறுவனங்களுக்கு வாடகையைக் கணக்கிட்டுச் சொல்லும் ரியல்பேஜ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் மேல் மத்திய நீதித்துறையும் எட்டு மாநிலங்களும் வழக்குத் தொடர்ந்தன. போட்டியாளர்களின் ரகசியத் தகவலைப் பகிர்ந்து வாடகையை ஏற்றிவிடுகிறது என்பது குற்றச்சாட்டு. வழக்கைப் பதிவு செய்தது வட கரோலினாவில். அந்த எட்டில் டென்னஸியும் இருந்தது. அங்கே அட்டர்னி ஜெனரல் குடியரசுக் கட்சிக்காரர். ராலே பக்கத்துக் கேரியிலும் மாரிஸ்வில்லிலும் புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பம் எதைக் கேட்டாலும், முதலில் வாடகையைப் பற்றித்தான் பேசுவார்கள். வாடகை எப்படி நிர்ணயமாகிறது என்பதை ஒரு நீதிமன்றத்தில் நிறுத்திக் கேட்கும் உரிமை நாம் தேர்ந்தெடுக்கும் ஒருவருக்கு இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

2024இல் அந்தப் பதவிக்கு நின்ற இருவருமே அப்போது காங்கிரஸ் உறுப்பினர்கள், இருவரும் வழக்கறிஞர்கள். ஜனநாயகக் கட்சியின் ஜெஃப் ஜாக்சன் முன்பு காஸ்டன் கவுண்டியில் உதவி அரசு வழக்கறிஞர், ராணுவத்தில் ஆப்கானிஸ்தான் போனவர். வாஷிங்டனில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுமையாக விளக்கும் சின்ன வீடியோக்களால் நாடு முழுக்கப் பிரபலம். 2023இல் சட்டமன்றம் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்ததில் அவர் தொகுதி கையைவிட்டுப் போனது, அதற்குப் பிறகுதான் இந்தப் போட்டிக்கு வந்தார். குடியரசுக் கட்சியின் டேன் பிஷப் வணிக வழக்குகளில் அனுபவம் உள்ளவர். 2016இல் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தபோது, திருநர்கள் எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்திய 'எச்பி 2' சட்டத்தை முன்னின்று எழுதியவர்களில் ஒருவர். பிஷப் சட்டம் ஒழுங்கைப் பற்றிப் பேசினார். ஜாக்சன் மோசடிக்காரர்களையும் ஃபென்டனில் போதையையும் பற்றிப் பேசினார். 1896க்குப் பிறகு இந்த மாநிலத்தில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவரும் தேர்தலில் ஜெயித்து அட்டர்னி ஜெனரல் ஆனதில்லை. ஆனால் வித்தியாசம் மெலிந்துகொண்டே வந்தது. 2020இல் ஸ்டைன் ஜெயித்தது 54 லட்சம் ஓட்டில் 13,600 சொச்சம் வித்தியாசத்தில்.

அந்த எச்பி 2 விவகாரத்தில்தான் அப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது. 2016 மார்ச்சில் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் கவர்னர் பேட் மக்ரோரி. வழக்கு வந்தது. அரசுக்காக வாதாட வேண்டியவர் அட்டர்னி ஜெனரல் ராய் கூப்பர். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். நம் ஊரில் ஓர் அட்வகேட் ஜெனரல் அப்படிச் சொன்னால் அன்று மாலையே ராஜினாமா. இங்கே கவர்னர் ஒன்றும் செய்ய முடியவில்லை, ஏனென்றால் கூப்பரையும் அதே மக்கள்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் யோசித்துவிட்டு, "கட்சிக்காரன் பணத்தை வாங்கிக்கிட்டுக் கேஸை நடத்தமாட்டேன்னு சொல்ற வக்கீல் நல்ல வக்கீலாம்மா?" என்று கேட்டார்.

இது நியாயமான கேள்வி, இதை நான் ஒதுக்கிவிடவில்லை. கூப்பர் அந்த வருடம் அதே மக்ரோரியை எதிர்த்துக் கவர்னர் பதவிக்கு நின்றுகொண்டிருந்தார் என்பதும் உண்மை. 10,277 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அவருக்கு முன் அட்டர்னி ஜெனரலாக இருந்த மைக் ஈஸ்லி கவர்னர் ஆனார். கூப்பருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த ஸ்டைனும் 2024இல் கவர்னர் பதவிக்கு நின்றார். அட்டர்னி ஜெனரலைச் சுருக்கி ஏஜி என்பார்கள். அந்த இரண்டு எழுத்துக்கு 'ஆஸ்பைரிங் கவர்னர்', அதாவது கவர்னராக ஆசைப்படுபவர் என்று அமெரிக்க அரசியலில் ஒரு விரிவாக்கமே உண்டு. அடுத்த படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே வழக்குப் போடுகிறாரா, வழக்குக்காகவே போடுகிறாரா என்று நாம் எப்படிப் பிரிப்பது? ஐந்து மாநிலங்களில் கவர்னரே நியமிக்கிறார். மெய்னில் சட்டமன்றம், டென்னஸியில் மாநில உச்ச நீதிமன்றம். மற்ற 43 மாநிலங்களில் மக்கள். என் முடிவு இந்த 43 பக்கம்தான். வாடகைதாரருக்காகப் பேசுகிறவருக்கு அடுத்த பதவியில் கண் இருந்தால், என்னுடைய ஓட்டும் அவருக்குத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். நியமனத்தில் வந்தவருக்கு நான் தேவையே இல்லை.

இதே படிக்கட்டில் ஏறிய ஒருவரின் பெயர்தான் என் வாக்குச்சீட்டின் முதல் பகுதியில் இருந்தது. 2010 நவம்பரில் கலிபோர்னியா அட்டர்னி ஜெனரல் பதவிக்குக் கமலா ஹாரிஸ் நின்றபோது, தேர்தல் இரவிலேயே எதிர் வேட்பாளர் ஸ்டீவ் கூலி தான் ஜெயித்துவிட்டதாக மேடையேறிச் சொல்லிவிட்டார். எண்ணிக்கை வாரக்கணக்கில் நீண்டது. நவம்பர் 24ஆம் தேதி கூலி தோல்வியை ஒப்புக்கொண்டார். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிறகு 2011இல், வீட்டுக்கடன் பறிமுதல் முறைகேடுகளுக்காக வங்கிகள் மாநிலங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது, கொடுப்பது போதாது என்று சொல்லி ஹாரிஸ் பேச்சிலிருந்து வெளியே வந்தார். 2012இல் நாடு தழுவிய 2,500 கோடி டாலர் ஒப்பந்தம் ஆனபோது கலிபோர்னியாவுக்கு மிகப் பெரிய பங்கு கிடைத்தது. மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் அவர் பெயரில் அர்ச்சனை நடந்ததை 2020இலும் 2024இலும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2010இல் அந்த மூன்று வாரம் எண்ணிக்கொண்டிருந்தது நம்மில் பலருக்குத் தெரியவே தெரியாது.

முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள் அக்டோபர் 17ஆம் தேதி தொடங்கின. அந்த வாரமே நானும் கணவரும் ஒரு கம்யூனிட்டி சென்டருக்குப் போனோம். வரிசை கட்டிடத்தைச் சுற்றி வந்திருந்தது. கறுப்புப் பேனா, தடித்த தாள், சின்ன வட்டங்கள். எனக்குப் பக்கத்துத் தடுப்பில் இருந்தவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கிளம்பினார். நான் குறிப்புக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வட்டமாக நிரப்பினேன். பள்ளிக்கல்விக் கண்காணிப்பாளருக்கு எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. கில்ஃபோர்ட் கவுண்டிப் பள்ளிகளை நடத்திய மோ க்ரீன் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தன் கட்சியின் பதவியில் இருந்த கண்காணிப்பாளரையே மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்து வந்த மிஷேல் மாரோ. முன்னாள் ஜனாதிபதி ஒபாமாவுக்கு மரண தண்டனை கொடுக்க வேண்டும் என்று சமூக ஊடகத்தில் எழுதியவர். அவரிடம் 15 லட்சம் பிள்ளைகளின் பள்ளிகளைக் கொடுப்பதா? போட்டி நெருக்கமாக இருந்தது என்பதே எனக்கு இன்றும் வேதனை.

முடிவு வந்த இரவு, மாநிலம் டிரம்ப் பக்கம் போனது. அதே தாளில், அதே மக்கள், கவர்னராக ஸ்டைனை ஏறத்தாழ 15 சதவீத வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அட்டர்னி ஜெனரல் ஜாக்சன், 51க்கு 49. பத்துப் பதவியில் ஐந்து இந்தக் கட்சிக்கு, ஐந்து அந்தக் கட்சிக்கு. மக்கள் ஒவ்வொரு வரியாகப் படித்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று அப்பா சந்தோஷப்பட்டார். "ஆளைப் பார்த்துப் போட்டிருக்காங்கம்மா" என்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. புயல் நிவாரணம் என்ற தலைப்பில் வந்த மசோதாவுக்குள், தேர்தல் வாரியத்தை நியமிக்கும் அதிகாரத்தைக் கவர்னரிடமிருந்து எடுத்து ஆடிட்டருக்குக் கொடுத்தது சட்டமன்றம். கவர்னர் ஒரு கட்சி, ஆடிட்டர் இன்னொரு கட்சி. அத்தோடு, சட்டமன்றத்தின் நிலைப்பாட்டுக்கு எதிராக அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்தில் வாதாடக் கூடாது என்றும் எழுதிவிட்டார்கள். பதவியில் கடைசி வாரங்களில் இருந்த கூப்பர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். டிசம்பர் 11ஆம் தேதி அந்த மறுப்பையும் தாண்டிச் சட்டம் ஆனது. இதை நான் அப்பாவிடம் சொன்னபோது எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. ஆடிட்டருக்கு ஓட்டுப் போட்டவர்கள் கணக்குப் பார்க்கத்தான் ஓட்டுப் போட்டார்கள். தேர்தலை நடத்த அல்ல. எந்தக் கட்சி செய்தாலும் எனக்கு இது தவறுதான்.

இன்னொரு வரி மிச்சம் இருந்தது. மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. அதுவும் இங்கே மாநிலம் முழுக்கத் தேர்தல்தான். பதவியில் இருந்த அலிசன் ரிக்ஸ், எதிர்த்து நின்ற ஜெஃபர்சன் கிரிஃபினைவிட 734 ஓட்டு அதிகம் பெற்றார். ஜனாதிபதிக்கு விழுந்தவை ஏறத்தாழ 57 லட்சம் ஓட்டு. இந்த வரிக்கு 55.4 லட்சம். ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அந்த வட்டங்களைத் தொடவில்லை. 734ஐயும் ஒன்றரை லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கிரிஃபின் தோல்வியை ஏற்கவில்லை. 60,000க்கு மேற்பட்டவர்களின் ஓட்டுகளை நீக்க வேண்டும் என்றார். அவற்றில் பெரும்பாலானவை, பதிவேட்டில் ஓட்டுநர் உரிம எண்ணோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கமோ இல்லாதவர்களுடையவை. ரிக்ஸின் பெற்றோரே அந்தப் பட்டியலில் இருந்தார்கள். எங்கள் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கும் தோழி ஒருத்தியும் இருந்தாள். நவம்பர் கடைசியில் அவளுக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. உங்கள் ஓட்டு பாதிக்கப்படலாம், இந்த கியூஆர் கட்டத்தை போனில் படமெடுத்துப் பாருங்கள் என்று. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட இருந்தாள். அவள் கணக்கில் எண் ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. எண்ணை எழுதிக் கொடுத்ததாகத்தான் ஞாபகம். நம் பெயர்கள் ஒவ்வொரு காகிதத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், வங்கியில் இனிஷியல், உரிமத்தில் இரண்டும் ஒட்டி. ஆள் அதே ஆள்தான். அடையாள அட்டையைக் காட்டித்தான் ஓட்டுப் போட்டாள். ஆறு மாதம் அந்த ஓட்டு உண்டா இல்லையா என்று தெரியாமல் இருந்தாள். 2025 மே 5ஆம் தேதி மத்திய நீதிபதி ஒருவர் ஓட்டுகளை எண்ணியபடியே விட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இரண்டு நாளில் கிரிஃபின் விலகினார். அடுத்த வாரம் தோழி தேர்தல் அலுவலகத்துக்கு நேரில் போய் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாள். பெயரை எப்படி எழுத வேண்டும் என்று கேட்டார்களாம். அப்பா பெயரை முழுசாக எழுதிக் கொடுத்தாளாம்.

இந்த எட்டு மாதத்தில் நான் மறக்க முடியாதது ஜூன் 27.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஜனவரி 20ஆம் தேதி பதவியேற்ற அன்றே ஜனாதிபதி ஓர் ஆணை போட்டார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவராக இருந்தால், இங்கே பிறக்கும் பிள்ளைக்குக் குடியுரிமை கிடையாது என்றது அது. எச்1பி வேலை விசாவில் இருக்கும் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் அதில் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மறுநாளே 18 மாநிலங்கள் பாஸ்டனில் வழக்குப் போட்டன. வட கரோலினா அதில் ஒன்று. ஜாக்சன் பதவிக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பிப்ரவரியில் நீதிபதி ஆணையை நாடு முழுக்க நிறுத்தி வைத்தார். ஜூன் 27ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றங்கள் இப்படி நாடு முழுக்க ஒரேயடியாகத் தடை போடக் கூடாது, வழக்குப் போட்டவர்களுக்கு முழு நிவாரணம் கிடைக்கும் அளவோடு நிற்க வேண்டும் என்றது. ஆணை 30 நாளில் அமலுக்கு வரலாம். வழக்குப் போடாத மாநிலங்களில் என்ன ஆகும் என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். திருச்சிக்காரி. கணவன் மனைவி இருவரும் விசாவில். ஆகஸ்டில் பிரசவம். அன்று மாலை போனும் கையுமாக வந்தாள். அவள் தங்கை டெக்சாஸில் இருந்து அழுதுகொண்டே பேசியிருக்கிறாள், அவளும் நான்கு மாதக் கர்ப்பம். டெக்சாஸ் வழக்குப் போடவில்லை.

"நம்ம ஸ்டேட் அந்த லிஸ்ட்ல இருக்கா அக்கா?"

"இருக்கும்மா."

"நிச்சயமா?"

மாநிலங்களின் பட்டியலை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், கலிபோர்னியா என்று விரலால் தள்ளிக்கொண்டே போனாள். இதை யார் முடிவு செய்வது என்று கேட்டாள். அட்டர்னி ஜெனரல் என்றேன். அவரை யார் வைத்தது என்று கேட்டாள். நாங்கள்தான் ஓட்டுப் போட்டோம் என்றேன். வாக்குச்சீட்டில் கவர்னருக்கும் துணை கவர்னருக்கும் கீழே இருந்த பெயர் என்று சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. வட கரோலினா என்ற வரி வந்திருந்தது. விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.